ஒரு கோட் கூட

ஸ்ரான்லி வீதியில் புதுக் கோப்பிக் கடை.
சுவர் முழுக்கப் பிறஷ் போன தடம் தெரியவேணுமாம்.
வெள்ளவத்தையிலிருந்து வந்த ஷாமிலா சொன்னா,
சொல்லிக்கொண்டே காற்றில் கையை வீசிக் காட்டினா.
கஜீபன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருசம்
தடம் தெரியாமல் அடிக்கத்தான் கூலி வாங்கினவன் நான்.
கோண்டாவிலில் ஒருக்கா
ரொறன்ரோவில் இருந்து வந்த வீட்டுக்காரர்
வாசல் கதவில் கன்னத்தை வைத்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
வெளிச்சம் சரிவாக விழுந்தால்
ஒளித்ததெல்லாம் எழும்பும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.
பெயின்ற்றுக்குள் ஒரு பிறஷ் மயிர் கிடந்தது,
கண்ணிமையளவு.
அதுக்கு ஆயிரத்தைந்நூறு வெட்டினார்.

நான் இடக்கையன்.
மற்றவன் தொடங்குகிற மூலையில்
நான் இழுத்து முடிப்பேன்.
தொழிலில் உள்ளவன் பார்த்த உடனே சொல்லுவான்,
இது யூஜின் அடிச்சதெண்டு.
ஆகவே மேலால் ஒருக்கா, குறுக்கால் ஒருக்கா,
உப்புத்தாள், திரும்பவும் மேலால்,
யூஜின் இல்லாமல் போகும்வரைக்கும்.

இப்ப ஐந்தங்குலப் பிறஷைத் தந்து
"மனம்போல அடியுங்கோ அண்ணா" என்கிறா.
மனம் எங்கே போகும்?
கைதான் போனது. நேராகப் போனது.
நுனிக்கு வந்ததும், பழக்கத்தில்,
தன் தடத்தைத் தானே தடவி மூடிவிட்டு நின்றது.
பிஸ்கற் பெட்டி மட்டைகளை விரித்துப் பழகினேன்.
பதினொரு மட்டை.
ஒன்றுகூடக் கவலையீனமாக வரவில்லை.

பேந்து அவ போனைத் திறந்தா.
நீலத்தில் நாலு வீச்சு.
தொடக்கத்தில் தடிப்பு, நடுவில் கோடுகோடாய்க் கிழிசல்,
முடிவில் காய்ந்து சிதறின வால்.
வடிவுதான்.
கோப்பையிலும் இதுதான் வருமாம்,
விலைப்பட்டியலிலும் இதுதானாம்.
கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறஷில் எங்கேயோ ரண்டு மயிர் கொட்டுண்ட இடம்
வெள்ளைக் கீறாய் ஓடுகிறது,
நாலிலும் அதே இடத்தில்.
வாலடியில் தெறித்த மூன்று பொட்டும்
நாலிலும் அதே மூன்று.
"பிள்ளை, இது ஒரே வீச்செல்லோ?"
"ஓம் அண்ணா, கொப்பி பண்ணினது."
எந்த ஊர்ப் பிறஷோ, எவன்ர அவசரமோ.
வலக்கையன்.
அது மட்டும் தெரிந்தது.

சரியெண்டு
பென்சிலால் கீறி
ஆகச் சின்னப் பிறஷை எடுத்து
கிழிசல் ஒவ்வொன்றையும் விளிம்பு பிடித்து நிரப்பினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் குந்தி,
ஒரு வீச்சுக்கு ஒன்றரை நாள்.
மூன்று பொட்டையும் அடிமட்டம் வைத்து அளந்து போட்டேன்.
ஷாமிலா தள்ளி நின்று பார்த்து
"எவ்வளவு ஃப்ரீயா இருக்கு!" என்றா.
கஜீபன் இந்த முறையும் சிரித்தான்.
நானும்.

பின்வளவில் மோட்டர் அறைச் சுவர்.
வேலை நடந்த நாளெல்லாம்
பிறஷ் கழுவமுதல் மிச்சத்தை அதில்தான் இழுத்துத் துடைத்தது.
பாராமல் இழுத்தது.
பசி நேரத்தில் குட்டை குட்டையாய்,
மழை பிடித்த அன்று வழிந்து,
ஒன்று மட்டும் பாதியில் மேலே வளைந்து போயிருந்தது:
மகளுக்குக் காய்ச்சல் இறங்கேல்லை எண்டு
மனிசி போனில் சொன்ன நேரம் அது.
எல்லாமே வலமிருந்து இடத்துக்கு.

திறப்பு விழாவுக்கு முதல்நாள்
முதலாளி விமலகாந்தன் ரோச் அடித்து எட்டிப் பார்த்தார்.
"உதென்ன ஊத்தை?
சனம் கைகழுவ வாற இடம்.
ஒருக்கா வெள்ளை அடிச்சு விடும்."

றோலரால் அடித்தேன். தடமில்லாமல், ரண்டு கோட்.
விடிய வந்து பார்த்தால்
வெள்ளைக்குள்ளால் நீலம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கு,
அந்த வளைவுதான் முதலில்.

ஒரு கோட் கூடப் போடவேணும்.
கஜீபனிடம் றோலரைக் கொடுத்துவிட்டுத்
தேத்தண்ணிக்குப் போனேன்.